எஃபி தேடிய பாட்டில்

போன வாரம் இந்தத் தொடர்கதையை ஒரு சூப்புத் தட்டு தரையில் விழுந்து உடைந்த இடத்தில் நிறுத்தினோம். தட்டை நழுவவிட்டவன் டொர்மட். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அம்மா எஃபி துடைப்பத்தை எடுத்து வந்து துண்டுகளைக் கூட்டினாள். தங்கை மர்டீனா வேறு தட்டு எடுத்து வைத்தாள். கனடாவிலிருந்து வந்திருந்த ரோடா மட்டும் தட்டைப் பார்க்கவில்லை. டொர்மட்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது வெள்ளிக்கிழமை ராத்திரி. இன்று சனி. நாளைக்குத் திருவிருந்து ஞாயிறு, சபைக் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் நாள்.

திருவிருந்து வாரத்தில் ஸ்கெராவிக் கிராமத்தில் வெளியூர்க்காரர் தங்காத வீடு கிடையாது. ஹாரிஸ் தீவின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து படுக்கையும் போர்வையும் போதாமல் போகும். எஃபியின் வீட்டுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. குடிகாரன் வீடு என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் அவள் கணவர் மர்டோ. நாக்குக் குழறி, நடை தள்ளாடி, சும்மா இருக்கும்போதே சிடுசிடுத்து, கடைசியில் படகுத்துறையில் கால் தவறிக் கடலில் விழுந்து செத்தார். ஊர் வருத்தப்பட்டது, ஆச்சரியப்படவில்லை. இப்போது முப்பத்தாறு வயசில் மகனும் அதே நடை நடக்கிறான்.

இந்த வருஷம் வந்து தங்கிய ஒரே விருந்தாளி ரோடாதான். ஊரில் பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியாது. கனடாவின் கேப் பிரெட்டனில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பா இங்கிருந்து கப்பல் ஏறியவர். தீவின் மொழியான கேலிக்கை அவள் பேசும் விதத்தைக் கேட்டு மர்டீனா இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்தில் யாரும் வாயில் வைக்காத சொல்லெல்லாம் அவள் வாயில் வந்தது. கல்லறைத் தோட்டம் எழுந்து வந்து பேசுவதுபோல இருக்கிறது என்று கிண்டல் வேறு.

இன்று சாயங்காலம் டொர்மட் சபை மூப்பர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். திருவிருந்துக்கு உட்கார வேண்டுமென்றால் அவர்கள் கையால் அனுமதிச் சீட்டாக ஓர் ஈய வில்லை வாங்கியாக வேண்டும். இத்தனை வருஷம் அந்தப் பேச்சையே எடுக்காதவன், போன மாசம் தானாகவே போகிறேன் என்றான். எஃபிக்கு வானத்தில் பறப்பதுபோல இருந்தது. அப்பாவுக்கு மறுத்த வில்லையை மகனுக்காவது கொடுத்துவிட்டால் இந்த வீட்டின் மேல் விழுந்த பெயர் போய்விடும். அக்டோபரில் மர்டீனாவுக்குக் கல்யாணம் வேறு இருக்கிறது.

மர்டீனாவின் கவலையும் அதுவேதான். அண்ணன் இன்றைக்கு ஒரு நாளாவது நேராக நடக்க வேண்டும்.

காலையில் எஃபியும் டொர்மட்டும் ஆராதனைக்குக் கிளம்பிப் போனார்கள். நாளைக்கு ஓய்வுநாள், கத்தியைத் தொடக்கூடாது என்பதால் மர்டீனா உருளைக்கிழங்கை இன்றே சீவித் தண்ணீரில் போட்டுவைத்தாள். எரிக்க வெட்டிக் காயவைத்த பீட் மண் கட்டிகளை அடுப்போரம் அடுக்கினாள். பிறகு ரோடாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். படகைப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே ரோடா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் படகு கூழாங்கல் மேட்டில் கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் பெயர். வருஷா வருஷம் டொர்மட் அதைப் புதுப்பிப்பான். இந்த வருஷம் எழுத்துக் கோணல் மாணலாக இருந்தது.

ரோடா தலையைச் சாய்த்துப் படித்தாள். லுவஸ்கன். படித்தவள் அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“இந்தப் பேரை யாரு வச்சது?” என்றாள்.

மர்டீனாவுக்கு அது பெருமையான கதை. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய கதை. இந்த ஊரில் மர்டோ மெக்காஸ்கில் என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப் பெயர். ஒருவர் சிவப்பு மர்டோ, ஒருவர் தையற்காரர் மர்டோ. இவர்கள் லுவஸ்கன் வீட்டார். லுவஸ்கன் என்றால் ஆட்டம். தொட்டில் ஆடினாலும் அலையில் படகு ஆடினாலும் அதே சொல்தான். இவர்கள் குலத்தின் முதல் மர்டோ கரையில் கால் வைக்காத கடலோடி. தரையில் நடந்தாலும் கடல்மேல் நடப்பதுபோல ஆடி ஆடித்தான் நடப்பாராம். அதனால் வந்த பெயர்.

“அப்படியா சொல்லிக்கிறீங்க இங்க?” என்று மெதுவாகக் கேட்டாள் ரோடா.

“ஏன் ரோடாக்கா, உங்க ஊர்ல வேற கதையா?”

ரோடா கடலைப் பார்த்தாள். கப்பல் ஏறிப் போனவர்கள் பட்டப் பெயரைக் கொண்டு போகவில்லை. சொல்லை மட்டும் கொண்டு போனார்கள்.

“எங்க ஊர்ல அது பேர் இல்லம்மா. வியாதி” என்றாள். “ ‘அவளுக்கு லுவஸ்கன் வந்துடுச்சு’ன்னு சொல்லுவாங்க. எங்கம்மாவுக்கு வந்துச்சு. மாமாவுக்கு வந்துச்சு. நாங்க அஞ்சு பேர். எனக்கு வரல, ஒரு தங்கச்சிக்கு இன்னும் தெரியல. மத்த மூணு பேருக்கும் வந்துடுச்சு. மொதல்ல கையில இருக்கறது நழுவும். அப்புறம் நடை போகும். அப்புறம் பேச்சு.”

அலை வந்து கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு போனது. மர்டீனா கேட்காமலே ரோடா மீதியையும் சொன்னாள். டாக்டர்கள் அதற்கு ஹண்டிங்டன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மருந்து கிடையாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரவும் வரலாம், வராமலும் போகலாம். காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. இது எங்கேயிருந்து வந்தது, அங்கே மிச்சமிருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாமா என்றுதான் அவள் சொந்தம் தேடிக் கிளம்பினாள். தன் சொந்தம் எந்த மர்டோ வீடு என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி தட்டு விழுந்தபோது சந்தேகம் வந்தது. இப்போது பலகையில் பெயரே எழுதியிருக்கிறது.

“அப்பா குடிச்சார்” என்றாள் மர்டீனா.

“நீ பாத்தியா?”

மர்டீனா யோசித்துப் பார்த்தாள். அப்பா தள்ளாடியதைப் பார்த்திருக்கிறாள். கத்தியதைப் பார்த்திருக்கிறாள். குடித்ததைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு நினைப்பு. சாயங்காலம் அண்ணன் மூப்பர்கள் முன்னால் நிற்கப்போகிறான். அவன் குடிகாரன் இல்லை என்று அவளால் இப்போது சொல்ல முடியும். சொன்னால் அவன் மானம் பிழைக்கும். ஆனால் அவன் பிழைக்க மாட்டான் என்பதையும் அதே வாயால்தான் சொல்ல வேண்டும். தனக்கும் அந்தக் காசு சுண்டப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து.

எஃபி ஆராதனை முடிந்து வந்து ஸ்கோன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உரிய வில்லையை வாங்கி மேலங்கிப் பையில் வைத்திருந்தாள். நடுநடுவே மாவுக் கையாலேயே அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டொர்மட் கோயிலிலேயே தங்கிவிட்டானாம். மூப்பர்கள் கூட்டம் சாயங்காலம் சீக்கிரமே ஆரம்பிக்குமாம்.

மர்டீனா எல்லாவற்றையும் சொன்னாள். ரோடா வாசல் பக்கம் நின்றாள். எஃபி ஸ்கோனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசி வரை கேட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உங்கப்பா குடிச்சார்” என்றாள்.

“நீ பாத்தியாம்மா?”

“குடிகாரன்னா திருந்தலாம்டி. அழுது மன்னிப்புக் கேட்டா ஆண்டவர் மன்னிப்பார். நீ சொல்றதுக்கு யாரு மன்னிப்புக் குடுக்கறது? எதுக்குன்னு கேக்கறது?”

“அம்மா, பாத்தியான்னு கேட்டேன்.”

எஃபி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசுவது அபூர்வம்.

“தேடினேன்” என்றாள். “மாட்டுக் கொட்டில், பீட் குவியல், படகுக்கு அடியில, ஏணி வச்சுக் கூரை இடுக்குலகூட. வருஷக்கணக்கா தேடினேன். ஒரு பாட்டில்கூடக் கெடைக்கல. அவ்வளவு சாமர்த்தியமா ஒளிச்சு வச்சிருக்கார்னு நெனச்சேன். அந்தச் சாமர்த்தியத்துக்காகவே அவரை வெறுத்தேன்.”

சொல்லி முடித்ததும் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மர்டோ கடைசிக் காலத்தில் எத்தனையோ தடவை சத்தியம் செய்திருக்கிறார். கையை நீட்டி, மூச்சை மோந்து பார் என்று கெஞ்சியிருக்கிறார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவர் செத்த அன்று ராத்திரிகூட அவர் சாப்பாட்டை அவள் எடுத்து வைக்கவில்லை.

ஸ்கோன் கருகும் வாசனை வந்தது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. எஃபி, இல்லை, இது இந்த வெளியூர்க்காரியின் கட்டுக்கதை, கேட்டது போதும் என்றாள். மர்டீனா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும். செய்யாத குற்றத்துக்கு அப்பா தலைகுனிந்து செத்தார். அண்ணனும் அப்படிச் சாக வேண்டாம். மூப்பர்கள் அறைக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. இன்றைக்குப் போகத்தான் போகிறாள்.

ஆனால் அவள் போய்ச் சேர்ந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. கென்னத் மூப்பர் வெளியே வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். மர்டோவுக்கு வில்லையை மறுத்தவர் அவர்தான். அவளைப் பார்த்ததும் முகம் இளகியது.

“மனசைத் தேத்திக்கம்மா” என்றார். “இந்தத் தடவை குடுக்க முடியல. ஆனா உங்கண்ணன் தேவலை. உங்கப்பா கடைசி வரைக்கும் தொட்டதே இல்லன்னு சாதிச்சார். இவன் நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டான். குடிக்கிறேன், விட முடியலன்னு. கண்ல தண்ணி வந்துடுச்சு எங்களுக்கு.”

மர்டீனாவின் வாயில் இருந்தது அங்கேயே நின்றுவிட்டது. அவனே ஒத்துக்கொண்ட பிறகு இல்லை என்று இவள் எப்படிச் சொல்வது? டொர்மட் கல்லறைச் சுவரில் சாய்ந்து நின்றான். பக்கத்தில் போனதும் விஸ்கி வாடை மூக்கைத் துளைத்தது. அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. குடிதானா? வெறும் குடிதானா?

வழியில் அவன் இரண்டு தடவை தடுக்கினான். இரண்டாவது தடவை அவள் கையைக் கொடுத்தாள், அவன் பிடித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் டொர்மட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். கனமாக ஏதோ பலகையில் மோதியது. எஃபி எழுந்து போய்ப் பைக்குள் கையை விட்டாள்.

விஸ்கி பாட்டில்.

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை மர்டீனா பார்த்ததே இல்லை. வாழ்நாளெல்லாம் தேடிய பொருள் கையில் வந்துவிட்டது. எஃபி பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.

“பாத்தியா?” என்றாள் ரோடாவிடம். “வியாதியாம் வியாதி. எம்புள்ள குடிக்கிறான். நல்லாத்தான் இருக்கான், குடிக்கிறான், அவ்வளவுதான்.”

பாட்டில் கிட்டத்தட்ட நிறைந்தே இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூடக் குறையவில்லை. அதை முதலில் கவனித்தவள் மர்டீனா.

“எப்போ வாங்கினே அண்ணா?”

டொர்மட் நாற்காலியில் கிடந்த கோட்டை நேராக்கினான்.

“எப்போன்னு கேக்கறேன்.”

“ஏப்ரல்ல” என்றான்.

ஏப்ரலில் வாங்கிய பாட்டிலை ஆகஸ்ட் வரை வைத்திருக்கும் குடிகாரன் உலகத்தில் இல்லை. எஃபியின் கை மெதுவாக இறங்கியது. அவளே பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

“காலர்ல ரெண்டு சொட்டு தேச்சுக்குவேன்” என்றான் டொர்மட். “வாயில பட்டதில்லம்மா.”

பிறகு மற்றதைச் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டே. ஏப்ரலில் வலை வாங்கப் போகிறேன் என்று இன்வர்னஸ் நகரத்துக்குப் போனது வலைக்காக இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். வியாதியின் பேரைச் சொன்னார்கள். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார்கள். குடியில் என்று சொன்னான். டாக்டர் தலையை ஆட்டினார். திரும்பி வரும் வழியில் பாட்டிலை வாங்கினான்.

“எதுக்குடா?” என்றாள் எஃபி.

“அக்டோபர்ல இவளுக்குக் கல்யாணம். குடிகாரன் தங்கச்சின்னா ஊர் ஐயோ பாவம்னு சொல்லும். இதுன்னா, கட்டிக்க வர்றவன் ஓடிருவான். மூப்பர் முன்னாடி ஒரு தடவை ஒத்துக்கிட்டா அப்புறம் யாரும் வேற காரணம் தேட மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“என்கிட்டகூடச் சொல்லாம என்னைக் கட்டிக் குடுத்திருப்பியா?” என்று கேட்டாள் மர்டீனா.

டொர்மட் முதல் தடவையாக நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒரு பிடிவாதமான நிம்மதி இருந்தது.

“உனக்கு என்ன? பாதிப் பேருக்குத்தான் வரும்னு டாக்டர் சொன்னார். நாம ரெண்டு பேர். எனக்கு வந்தாச்சு.”

ரோடா வாயைத் திறந்தாள். ஐந்து பேரில் மூன்று பேர் என்று சொல்லத்தான் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். காலையில் கூழாங்கல் மேட்டில் கேட்டது மர்டீனாவுக்கு நினைவிருந்தது: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. அவளும் சொல்லவில்லை. அவனிடம் மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் பாட்டிலை அவன் நிஜமாகவே திறப்பான்.

வெளியே வேன் வந்து நின்றது. கதவைத் தட்டும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. மர்டீனா கட்டிக்கொள்ளப்போகிற இயன் ஆங்கஸ் உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன் வாளியோடு நேரே உள்ளே வந்தான். கடை வேன் ஓட்டுகிறவன். ஊர்ச் செய்தி அவன் காதுக்குத்தான் முதலில் வரும். அடுப்படியில் வாடை. மேஜைமேல் பாட்டில். டொர்மட் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். இயன் வாளியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். நல்ல பையன். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தான்.

“நீங்க வெக்கப்படாதீங்க அத்தே” என்றான். “எல்லாம் கேள்விப்பட்டேன். குடி எந்த வீட்லதான் இல்ல? பரம்பரை வியாதியா என்ன? விட்டா விட்டுப் போச்சு. எங்கம்மாகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்.”

மர்டீனா பேச எழுந்தாள். கோயில் வழியில் எடுத்த முடிவு அவள் தொண்டையில் இன்னும் இருந்தது. அவள் மூச்சை இழுப்பதற்குள் எஃபி பேசிவிட்டாள்.

அறுபது வயசுக்கு மேல் ஆகிறது எஃபிக்கு. பொய் சொன்னதாக அவளை அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. மகளுக்கு முன்னால் வந்து நின்று, பாட்டிலை இயன் ஆங்கஸ் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“ஆமா மாப்ளே” என்றாள். “குடிக்கிறான். அவங்கப்பா மாதிரியே.”

சொல்லிவிட்டு மேலங்கிப் பையிலிருந்து ஈய வில்லையை எடுத்தாள். மாவு ஒட்டியிருந்தது. துடைத்து, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பொய் சொன்ன வாயோடு நாளைக்கு இனி அவள் திருவிருந்துக்கு உட்கார முடியாது. மகன் செய்த வெட்கத்தால் வைக்கிறாள் என்று நினைத்து இயன் ஆங்கஸ் அதைத் திரும்ப அவள் கையில் கொடுக்கப் பார்த்தான். அவள் வாங்கவில்லை.

அவன் மர்டீனாவின் பக்கம் திரும்பினான்.

“நீ ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறே?” என்று கேட்டான்.